வலது சக்கரத்துக் கல்

குமுளி மலைப்பாதையின் ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றுபோனால், இறங்குகிற ஆள் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டான், கல் தேடுவான். ஹேண்ட் பிரேக்கை அந்தச் சரிவில் யாரும் நம்புவதில்லை. ஓரத்தில் கிடப்பதில் தேங்காய்க்குக் குறையாத பருமனில் இரண்டைப் பொறுக்கி வந்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் பீடியோ போனோ. லாரிகளில் கிளீனர் என்று ஒருத்தனுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் கல்லை வைக்கத்தான் என்று மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் கேலி பேசுவார்கள்.

வைத்த கல்லை வைத்தவனே எடுத்துவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள். மீதிப் பேர், வண்டி கிளம்பிவிட்ட சந்தோஷத்திலும், நிறுத்தினால் மறுபடி நின்றுபோகுமோ என்ற பயத்திலும் அப்படியே ஏறிப் போய்விடுவார்கள். கல் நடுரோட்டில் கிடக்கும். மேலிருந்து வளைவில் இறங்குகிறவனுக்கு அது பத்தடி தூரத்தில்தான் கண்ணில் படும்.

அப்படி ஒரு கல்லில்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பங்கிராஸின் ஜீப் ஏறியது. ஆடி மாதம், சாரல். தோட்டத்து வேலை முடிந்த பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மாலையில் இறங்கிக்கொண்டிருந்தான். முன்சக்கரம் கல்லில் ஏறித் துள்ளியதில் ஸ்டியரிங் கையை விட்டுப் போய், கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு ஜீப் கீழே உருண்டது. பெண்களுக்குக் கையும் காலும் ஒடிந்தன. அவர்களில் சங்கிலியம்மாளுக்கு இடது முழங்கால் இன்றுவரை மடங்காது. உயிர் போனது பங்கிராஸுக்கு மட்டும்.

அவன் மனைவி அமுதாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. மகள் அனிதா மேரி நாலாம் வகுப்பு. ஊர்க் கல்லறையில் அடக்கம் முடிந்து, நாற்பதாம் நாள் பூசையும் முடிந்ததும், சொந்த ஊருக்கே வந்துவிடு என்று அண்ணன்கள் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. புருஷனுடைய கூட்டாளி வேல்பாண்டி, அவனும் ஜீப் ஓட்டுகிறவன், ஒரு பழைய கம்ப்ரசரை எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கினான். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், புளியமரத்தடியில், தகரம் போட்ட பஞ்சர் கடை உருவானது. பொம்பளை பஞ்சர் ஒட்டினால் நிற்குமா என்று முதலில் சிரித்தார்கள். நின்றது. பங்கிராஸ் ஜீப்பைப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பழகியவள். டயரோடு சேர்த்து பெல்ட், ஹோஸ், பிளக் என்று கைவைக்கத் தெரிந்தது. மலையாளத்து லாரிக்காரர்கள் “சேச்சி” என்று கூப்பிட்டுக் காற்றடித்துக்கொண்டு போனார்கள்.

கடை வைத்த முதல் மாதத்திலிருந்தே அவள் இன்னொரு வேலையும் செய்தாள். தினமும் மூன்று மணிக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு, எக்ஸெல் மொபெட்டை முடுக்கிக்கொண்டு மலை ஏறுவாள். சோதனைச் சாவடிக்கு முந்தின வளைவுவரை போவாள். வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் இறங்கி எடுத்து ஓரத்தில் எறிவாள். நாலு மணிக்குத் தோட்டத்து ஜீப்புகள் இறங்கத் தொடங்கும், அதற்குள் திரும்பிவிடுவாள். மழையானாலும் காய்ச்சலானாலும் அந்தச் சுற்று தவறாது. கல்லுப்பொறுக்கி அமுதா என்று பேர் வைத்தார்கள். ஜீப்காரர்கள் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிப்பதில்லை. “மதினி ஏறி எறங்கியாச்சு, இனி கண்ணை மூடிக்கிட்டு வரலாம்” என்று வேல்பாண்டி சொல்வான்.

கல்லைப் பொறுக்கும்போதெல்லாம் அமுதா ஒருத்தனைத் திட்டுவாள். அவனுக்கு ஒரு முகம்கூட அவள் மனசில் இருந்தது. லாரிக் கிளீனர், சுருட்டை முடி, குடித்த கண், வாயில் பாக்கு. அன்றைக்கு அந்தக் கல்லை வைத்துவிட்டு எடுக்காமல் போனவன். அவனை யாரும் பார்க்கவில்லை, யாரும் தேடவும் இல்லை. போலீஸ் கேஸை ஒரே மாதத்தில் முடித்துவிட்டது. ஆனால் அவன் எங்கேயோ சோறு தின்றுகொண்டு உயிரோடு இருக்கிறான் என்பதை அமுதா ஒரு நாளும் மறந்ததில்லை. “வச்ச கை வெளங்காமப் போகணும்” என்பாள். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மற்றவர்கள் இறந்தவர்களின் இளைப்பாற்றிக்காக ஜெபம் சொல்லும்போது, அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். அவன் யார் என்று எனக்குக் காட்டிவிடு. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது அவர் மன்னித்துவிடச் சொன்னார். ஆளையே காணோம், யாரைச் சாமி மன்னிக்க என்று திருப்பிக் கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

இந்த வருஷம் ஆனி மாதம் நடந்தது இது. அணையிலிருந்து தண்ணீர் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மலையிலிருந்து மின்நிலையத்துக்கு வரும் ராட்சதக் குழாய்களில் தண்ணீர் இறங்கும் இரைச்சல் லோயர் கேம்ப்பில் எல்லார் பேச்சுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கம்பம்வரை நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருந்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு பால் வண்டியிலிருந்து இறங்கி ஒருவர் கடைக்கு ஓடி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். அரைக்கால் சட்டை, விலையான செருப்பு, முகமெல்லாம் வேர்வை. வெளிநாட்டுக்காரர் என்பது நடையிலேயே தெரிந்தது. பேசியது தமிழ்தான், ஆனால் வேறெங்கோ வளர்ந்த தமிழ். பேர் அஜய்குமார், மலேசியாவில் ஈப்போ. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மதுரையில் வந்து இறங்கி, அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, தேனி வழியாகத் தேக்கடி, அங்கிருந்து மூணாறு என்று பத்து நாள் பயணம். கார் மேலே ஒரு வளைவில் புகை விட்டு நின்றுவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்கிறார்கள். மனைவியும் பிள்ளையும் காருக்குள்ளேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகச் சொன்னார்.

“காருக்குள்ளயா? சக்கரத்துக்குக் கல்லு வச்சீகளா?” என்று அமுதா கேட்டாள்.

“கல்லா? ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்கா.”

அமுதா கடைக்குள் போய் வேண்டியதை எடுத்தாள்: தண்ணீர் கேன் இரண்டு, ஸ்பேனர் பை, ஒரு கத்தி. அஜய்குமாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எக்ஸெல்லை முடுக்கினாள். கேன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி அவர் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். ஊரில் அவர் ஓட்டுவது கியர் இல்லாத கார். கியர் வண்டி ஓட்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது. ரயிலில் போகலாம் என்று மனைவி அப்போதே சொன்னாள்.

குழாய்கள் சாலையைத் தாண்டும் இடத்துக்கு மேலே, இரண்டாவது வளைவில் கார் நின்றது. வெள்ளைக் கார். பானெட் இடுக்கில் இன்னும் ஆவி கசிந்தது. பங்கிராஸ் விழுந்த வளைவு இதற்கு ஒன்று மேலே.

அமுதா எக்ஸெல்லைக் கீழேயே சாய்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய் இரண்டு கல்லைப் பொறுக்கினாள். ஒன்றை இடது பின்சக்கரத்துக்கும் இன்னொன்றை வலது பின்சக்கரத்துக்கும் காலால் உதைத்து இறுக்கினாள். பிறகுதான் கண்ணாடியைத் தட்டினாள்.

உள்ளே இருந்த அவர் மனைவி கிருபாவதி கதவைத் திறந்ததும் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டேன் என்பது போலப் பிடித்தாள். வண்டி இரண்டு தரம் பின்னால் நகர்ந்ததாம். மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கலாமா, இறங்கினால் பஸ் அடித்துவிடுமா என்று யோசித்து யோசித்தே அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வயதுப் பெண் பின்சீட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தது.

ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ், கிளிப் பிடிக்கும் இடத்தில் கிழிந்திருந்தது. அஜய்குமார் அவசரப்பட்டு மூடியில் கை வைக்கப் போனார். அமுதா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“முகம் வெந்துரும் சார். முக்கா மணி நேரம் யாரும் கிட்டக்க வரக்கூடாது. தேக்கடி யானை எங்கயும் ஓடிப் போயிறாது.”

அந்த நிலையிலும் கிருபாவதிக்குச் சிரிப்பு வந்தது. குழந்தையையும் இறக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது: திராட்சைப் பந்தல், தென்னை, கால்வாயின் வெள்ளைக் கோடு. கிருபாவதி ஒரு டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினாள். அவளுக்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பயம் இறங்கும்போது சிலருக்கு அப்படித்தான். எங்கே படித்தீர்கள், எப்படி இந்த வேலை, பிள்ளைகள் எத்தனை. அமுதா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு பொண்ணு, பேர் அனிதா மேரி, காலேஜ் சேர்ந்திருக்கா.

“உங்க வீட்டுக்காரரு என்ன செய்றாரு?”

இந்தக் கேள்வியை ஒன்பது வருஷமாக யாரும் அமுதாவிடம் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. லாரிக்காரர்களுக்குக்கூட யாராவது சொல்லியிருப்பார்கள். இறந்துட்டாக என்று இந்தப் பெண்ணிடம் சொன்னால் அடுத்தது எங்கே, எப்படி என்று வரும். எங்கே என்று கேட்டால், தலையைத் திருப்பினாலே தெரிகிற அடுத்த வளைவைக் காட்ட வேண்டும். இப்போதுதான் பயம் தெளிந்து உட்கார்ந்திருக்கிறாள். இனி அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“ஜீப் ஓட்டுறாக. தோட்டத்து ஆளுகளைக் காலையில கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் எறக்கிக் கூட்டியாருவாக” என்றாள் அமுதா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவளே கேட்டாள்.

“இந்த ரோட்டுலயா? தினமுமா? உங்களுக்குப் பயமா இருக்காதாக்கா?”

“பழகிப் போச்சு. நாலு நாலரைக்கு வந்துருவாக.”

அதோடு விட்டிருக்கலாம். கிருபாவதி விடவில்லை, அமுதாவும் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வந்ததும் என்ன சாப்பிடுவாரு என்று கேட்டபோது, கட்டஞ்சாயாவும் பொரிகடலையும் என்று சொன்னாள். கோபம் வருமா என்று கேட்டபோது, வண்டியில யாராவது வெத்தல எச்சி துப்புனா மட்டும் வரும் என்றாள். எல்லாம் உண்மை. காலம் மட்டும்தான் பொய். பிஸ்கட்டை வாயில் போடாமல் கையிலேயே வைத்துப் பிசைந்துகொண்டு, இன்று மாலை நாலரைக்கு ஒரு ஜீப் வந்து நிற்கப்போவது போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஹோஸின் கிழிந்த முனையை இரண்டு விரல்கடை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிக் கிளிப்பை இறுக்கினாள். தண்ணீரை மெல்ல ஊற்றினாள். வண்டி கிளம்பியது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக் கையால் ஹோஸைத் தடவிப் பார்த்தாள்; கசிவு இல்லை. ஏசி போட வேண்டாம், இரண்டாவது கியரிலேயே ஏறுங்கள், குமுளியில் புது ஹோஸ் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அஜய்குமாருக்குச் சொன்னாள். கிருபாவதி அவளைக் காரோடு நிறுத்திப் போட்டோ எடுத்தாள். போன் நம்பர் வாங்கிக்கொண்டாள். மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் நகர்ந்தது. அமுதா இடது பக்கம் நின்றிருந்தாள். சக்கரம் விலகியதும் இடதுபுறத்துக் கல்லைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். அதே நேரம் கீழிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது, சுவரோரம் ஒதுங்கினாள். காரின் பின்கண்ணாடியில் அந்தச் சின்னப் பெண் இரண்டு கையையும் ஆட்டியது. இவளும் ஆட்டினாள். கார் வளைவில் மறைந்தது. கேன்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கடைக்கு வந்தபோது மணி ஒன்றரை. சோற்று வாளியைத் திறந்தாள், மூடினாள். ஒரு பைக்குக்குப் பஞ்சர் ஒட்டினாள். நாலு நாலரைக்கு வந்துருவாக என்ற சொல் வாயிலேயே கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் நன்றாக இருந்தது என்பதும் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. மூன்று மணிக்குப் பக்கத்து டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. தினமும் அதைக் கேட்டுத்தான் எழுவாள். இன்றும் அரைவாசி எழுந்தாள். மேலேதான் போயிட்டு வந்தாச்சே என்று உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு வெங்காயம் ஏற்றின மினி லாரி ஒன்று காற்றுப் பிடிக்க வந்தது. கடை வாசல் சரிவானது. டிரைவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மரக்கட்டைகளை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். ஒன்று இடப்பக்கம். சுற்றி வந்து ஒன்று வலப்பக்கம்.

வலப்பக்கத்துக் கட்டையை வைத்த கை அப்படியே நின்றது.

இடது கல்லைத் தள்ளியது காலில் இருந்தது. பஸ் வந்தது. பிள்ளை கையாட்டியது. இவள் ஆட்டினாள். கேனை எடுத்தாள். வலதுபுறத்துக் கல்லை எடுத்ததாக எங்கேயும் இல்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி நினைத்துப் பார்த்தாள். இல்லை. அந்தப் பஸ்ஸே அதைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு ஏறியிருக்க வேண்டும்.

காற்றுக் குழாயை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு எக்ஸெல்லை எடுத்தாள். “சேச்சி, எங்கோட்டா?” என்று அந்த மலையாளத்து டிரைவர் கேட்டது பின்னால் போனது.

எக்ஸெல் அந்த ஏற்றத்தில் எவ்வளவு முறுக்கினாலும் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் போகும். தினமும் அந்த வேகத்தில் போய்ப் பழகியவளுக்கு இன்று அது நின்றுகொண்டிருப்பது போல இருந்தது. சாரல் பிடித்தது. முதல் வளைவில் ஒரு கேரளா பஸ் இறங்கியது. பஸ் டிரைவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பைக் இறங்கின. நாலு மணிக்கு வேல்பாண்டி வண்டிதான் முதலில் இறங்கும். அதில் பதினான்கு பேர். கதவோரம் சங்கிலியம்மாள், மடக்க முடியாத காலை வெளியே நீட்டிக்கொண்டு. இன்றைக்கு மதினி ஏறி இறங்கியாச்சு என்று அவன் நம்பித்தான் வருவான். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவளே அவள்தான். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. தொடங்கியதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குழாய்களைத் தாண்டியதும் மேலே பெண்களின் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

வளைவில் ஜீப் குறுக்காக நின்றது. மூக்கு கைப்பிடிச் சுவரில் உரசியிருந்தது. முன்பக்க விளக்கு உடைந்து கண்ணாடி சிதறிக் கிடந்தது. பெண்கள் தூக்குவாளியோடு சாலையோரம் நனைந்துகொண்டு நின்றார்கள். அமுதா ஒவ்வொரு தலையாக எண்ணினாள். பதினான்கு. சங்கிலியம்மாள் சுவரில் சாய்ந்து முந்தானையால் உதட்டை அழுத்திக்கொண்டிருந்தாள், துணியில் ரத்தம். வேல்பாண்டி தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் அந்தக் கல்.

“வா மதினி” என்றான். “கொஞ்சம் விட்டிருந்தா அண்ணன்கிட்ட போயிருப்பேன். ரெண்டாவது கியர்ல வந்தேன், அதான் தப்பிச்சோம்.”

பெண்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எவனோ வண்டியை எடுத்துக்கொண்டு குஷியாகப் போயிருக்கிறான், அவன் பிள்ளைகுட்டிகள் நடுரோட்டில் நிற்க வேண்டும், அவன் வீட்டில் ஒப்பாரி கேட்க வேண்டும். பின்னால் நின்ற ஒருத்தி, “வச்ச கை வெளங்குமா” என்றாள். அமுதாவிடமிருந்து கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் மனப்பாடமாகிவிட்ட வார்த்தை.

“நீ மூணு மணிக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறம் எவனோ வச்சிருக்கான் மதினி. நீ என்ன செய்வ, நாள் பூராவுமா காவல் காப்ப?” என்றான் வேல்பாண்டி.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எல்லாரும் ஏறி, எல்லாரும் இறங்கி, நாளைக்கு அந்த எவனோ பேரில் இன்னும் நாலு திட்டு கூடும். அவ்வளவுதான்.

“நான்தான் தம்பி” என்றாள் அமுதா.

“எது?”

“மூணு மணிக்கு நான் வரலை.”

“ஒரு நாளு வராட்டி என்ன? அதுக்காக ஒன் தப்பாகிருமா?”

“அதில்ல. கல்லை வச்சதே நான்தான். மத்தியானம் ஒரு காரு நின்னுச்சு. ரெண்டு கல்லு வச்சேன். ஒண்ணத்தான் எடுத்தேன்.”

குழாய்களில் தண்ணீர் இறங்கும் இரைச்சல் மட்டும் இருந்தது. கை விளங்குமா என்று சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேல்பாண்டி கல்லைப் பார்த்தான், அமுதாவைப் பார்த்தான், மறுபடி கல்லைப் பார்த்தான். எழுந்து, கல்லை இரண்டு கையாலும் தூக்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தான். அது கீழே உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அமுதா சங்கிலியம்மாளின் அருகில் போனாள். தினமும் மாலையில் லோயர் கேம்ப்பில் ஜீப் நின்றதும் அவள் இறங்கத் தோள் கொடுப்பது அமுதாதான். இப்போதும் தோளைக் காட்டினாள். சங்கிலியம்மாள் அந்தத் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜீப்பின் கம்பியைப் பிடித்து, விறைத்த காலை இழுத்துப் போட்டு, முனகிக்கொண்டே தானாக ஏறினாள்.

“ஏறுங்கடி, நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீக” என்று மற்றவர்களை அதட்டினாள்.

வண்டி கிளம்பும்போது உள்ளிருந்து அவள் குரல் வந்தது. “ஏத்தா அமுதா. நாளைக்கு மூணு மணிக்கு வந்துருவேல்ல?”

அமுதா தலையை ஆட்டினாள். ஜீப் மெல்ல இறங்கி மறைந்தது.

உடனே அவளால் கீழே போக முடியவில்லை. சுவரில், மத்தியானம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். சுருட்டை முடிக்காரனை நினைத்துப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகக் கூப்பிட்ட உடனே வந்து நின்ற முகம் இன்று வர மறுத்தது. அந்த இடத்தில் ஒரு ஆளும் இல்லை. அவன் குடித்திருக்கவே மாட்டானோ. யாருக்கோ உதவி செய்ய வந்தவனோ, பிள்ளை கையாட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றவனோ. பொம்பளையாகக்கூட இருந்திருக்கலாம். கல்லை வைத்துவிட்டு, வேறு எதையோ மனசில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்திருப்பாள். தன் கல்லில் ஒருத்தன் செத்தது இன்றுவரை அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாத அந்த ஆளின் கைமேல் தினமும் மூன்று மணிக்கு ஒரு சாபம் போய் விழுந்திருக்கிறது. இத்தனை நாள் அவளை இந்த மலையில் ஏற்றி இறக்கியது அந்தக் கோபம்தான். இனி அதையும் பிடித்துக்கொள்ள முடியாது. பங்கிராஸ் போனதற்கு ஒரு ஆள் இருந்தான். இப்போது அந்த ஆளும் இல்லை. போனது மட்டும் இருந்தது.

அவள் அழுதாள். செத்த அன்று அழுதது வேறு. அன்று பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் போனில் மணி அடித்தது. அவள் கை ஈரம். அனிதா மேரிதான் எடுத்துப் பார்த்தாள். ஒரு போட்டோவும், பேசிப் பதிந்த ஒரு செய்தியும். போட்டோவில் வெள்ளைக் காரின் பக்கத்தில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். வலது பின்சக்கரத்துக்குக் கீழே அந்தக் கறுத்த கல் தெளிவாகத் தெரிந்தது. படத்தில் அமுதா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படிச் சிரித்து அனிதா மேரி பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

செய்தியைப் போட்டாள். கிருபாவதியின் குரல். “அக்கா, நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். புது ஹோஸ் மாத்தியாச்சு. உங்க வீட்டுக்காரரு வந்துட்டாங்களா? இங்க மழையா இருக்கு, அந்த ரோடு ஞாபகம் வந்துச்சு, அதான் கேட்டேன். அவங்களுக்கும் எங்க நன்றியச் சொல்லிடுங்க.”

அனிதா மேரி போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “யாரும்மா இவுக? யாரக் கேக்குறாக?”

அமுதா அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் வைத்தாள். மகள் நகராமல் நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் கேட்ட அடுத்த கேள்வியில் தெரிந்தது.

“வந்துட்டாகன்னா போட?”

தண்ணீர் சூடானதும் அமுதா தேயிலையைப் போட்டாள். பிறகு, திரும்பாமலே, “வண்டி நல்லபடியா எறங்கிருச்சுன்னு போடு” என்றாள்.

அனிதா மேரி எழுத்து எழுத்தாக அதை அடித்து அனுப்பினாள். அமுதா சாயாவைக் கட்டனாகப் போட்டு, பால் ஊற்றாமல், இரண்டு டம்ளரில் ஆற்றினாள்.